பாட்டுக்குப் பத்துக்கு சைபர்

கோத்தகிரியில் மாதந்தோறும் பழைய படம் போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். மிஸ்ட் இறங்கினாலும் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்காருகிறவர்களில் நானும் ஒருவன். படத் தேர்வில் குறையே இல்லை. வாசலில் நீங்கள் கையில் திணிக்கும் விமர்சனத் தாளோடுதான் என் வழக்கு.

கதை, நடிப்பு, பாட்டு, நம்பும்படி இருக்கிறதா என்று நான்கு கட்டம். கட்டத்துக்குப் பத்து மதிப்பெண். எந்தப் படம் வந்தாலும் இதே தாள். போன மாதம் 'அந்த நாள்' (1954) பாட்டுக்கு சைபர் வாங்கியது. அந்தப் படத்தில் பாட்டே கிடையாதே ஐயா! எடுத்த எஸ். பாலசந்தர் வீணை வித்வான். பாட்டுப் போடத் தெரியாமலா விட்டார்? தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி விழுகிறார். அப்புறம் ஆளுக்கு ஒரு விதமாய் நடந்ததைச் சொல்லச் சொல்ல, சந்தேகம் ஒருவர் மேலிருந்து இன்னொருவர் மேல் தாவுகிறது. நடுவே ஒரு டூயட் வந்திருந்தால் அந்தச் சூடு ஆறிப்போயிருக்கும். அதைவிடக் கொடுமை, கொலை செய்தது யார் என்று தாளின் மூன்றாவது வரியிலேயே போட்டிருந்தீர்கள். எழுபது வயதுப் படம்தான், சரி. என் பக்கத்தில் இருந்த பையனுக்கு அன்றைக்குத்தானே புதுசு?

'மாயாபஜார்' (1957), நம்பும்படி இருக்கிறதா கட்டத்தில் மூன்று. ரங்காராவின் கடோத்கஜன் வாய்க்குள் லட்டு தானாகப் பறந்து போகிறது. லட்டு பறக்குமா என்று அங்கே யார் கேட்டார்கள்? மார்கஸ் பார்ட்லியின் கேமரா நம்மை வாய் பிளக்க வைத்ததா என்று கேளுங்கள். 'சந்திரலேகா'வுக்குக் (1948) கதையில் நாலாம். அந்த முரசு நடனத்தில் கதையே முரசுகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் கதை சொல்லச் சொல்ல பாலையாவின் முகம் போகிற போக்கு உங்களுக்கு நடிப்பாகத் தெரியவில்லை போலும். அழுதால்தான் ஒன்பது கொடுப்பீர்களோ?

டஸ்ட் டீயையும் கிரீன் டீயையும் ஒரே நிறத்தை எதிர்பார்த்து ருசி பார்க்கிற ஆளை நம் ஊர் ஃபேக்டரியில் ஒரு நாளாவது வைத்திருப்பார்களா?

கட்டங்களை எடுத்துவிடுங்கள். துப்பறியும் படமா, மாயாஜாலமா, சிரிப்புப் படமா என்று பார்த்து, அது எதைச் செய்ய வந்தது, செய்ததா என்று நாலு வரி எழுதினால் போதும். தாளைப் படம் முடிந்து வெளியே வரும்போது கொடுங்கள்.

அடுத்த மாதம் 'அதே கண்கள்' என்று போர்டில் பார்த்தேன். முகமூடிக்காரன் யார் என்பதை மட்டும் வாசலிலேயே சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசை, ஜன்னலோரத்துக்காரன்