ஒன்பதாம் நாள் விட்டுப்போனால் என்ன

தருமபுரி
ஞாயிறு மாலை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. முட்டிவலிக்காக நடக்க ஆரம்பித்து, ஒன்பதாம் நாள் மழையில் விட்டுப்போய், அதோடு நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறாய். "எனக்கெல்லாம் இது வராது" என்ற கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தை மாதம் மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்யும் பெண் எங்கள் தெருவில் வீடு வீடாகப் பிரஷர் பார்த்தாள். 2021 ஆகஸ்டில் உன் பெரியம்மா ஊர்ப்பக்கம், சூளகிரியை ஒட்டிய சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு 156-க்கு 98 காட்டியது. எங்கள் மகளிர் குழுவில் இன்னும் மூன்று பேருக்கும் கூடுதல்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கவும் நடக்கவும் சொன்னார்கள். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன் உப்புதானாம். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

சரி, தனித்தனியாக முயன்றால் யாரும் நிலைக்கமாட்டோம் என்று பதினோரு பேரும் சேர்ந்து அறுபது நாள் சவால் ஒன்று வைத்துக்கொண்டோம். முதலில் தப்பாகத்தான் ஆரம்பித்தோம். தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும், ஒரு நாள் தவறினால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. இரண்டாவது வாரத்திலேயே மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒருத்தி மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்ததால் இரண்டு நாள் வரமுடியாமல் போனவள். "எல்லாம் போச்சு, இனிமேல் எதுக்கு" என்றாள். நீ எழுதியதும் இதேதான், வசந்தா.

அந்தப் பத்தாயிரம் மருத்துவர் யாரும் வகுத்த அளவே இல்லையாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி'. அதிலிருந்து பரவிய எண் என்று என் மகள் சொன்னாள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். வேகமாக நடந்தால் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி, அவ்வளவுதான். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வைப் பற்றியும் சொன்னாள். ஒரு பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனதாம். சிலருக்கு 18 நாளிலேயே வந்திருக்கிறது, சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்றும் கண்டார்களாம். எனக்கு அந்த ஒரு விஷயம் போதும்.

அன்றைக்குக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். 1989-இல் தமிழ்நாட்டிலேயே முதலில் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் மகளிர் குழு தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வாரம் சந்தா கட்டாதவளை யாராவது வெளியே தள்ளியிருக்கிறோமா? அடுத்த வாரம் வா என்றுதானே சொல்லியிருக்கிறோம்? நடைக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்? எல்லாரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் நோட்டை மாற்றி எழுதினோம். அவரவருக்கு முடிந்த ஒரே ஒரு பழக்கம். தவறிய நாளுக்குக் கோடு போட வேண்டாம், திரும்பி வந்த நாளுக்கு வட்டம் போடவேண்டும். இரண்டு நாள் வராதவள் வீட்டு வாசலில் மூன்றாம் நாள் காலை இரண்டு பேர் போய் நிற்க வேண்டும். விட்டதைச் சேர்த்து நடக்கவும் வேண்டாம். அது முட்டிக்குத்தான் கேடு.

மாமியாருக்குத் துணை இருந்தவள் வாசலில் நானும் இன்னொருத்தியும் போய் நின்றோம். முகம் கூடக் கழுவாமல் வந்து கதவைத் திறந்தவள், எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அன்றைக்கு ராமக்காள் ஏரிப்பக்கம் கால்மணி நேரம்தான் நடந்தோம். பேச்சுதான் அதிகம். அதற்கப்புறம் அவள் நிற்கவில்லை.

தண்ணீர் குடிப்பதை ஒருத்தி தன் பழக்கமாக எழுதிவைத்தாள். குடித்தது போர் தண்ணீரை, அதுவும் கொதிக்கவைத்து. நம் ஊர் போர் தண்ணீரில் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு உப்பு அதிகம். கொதிக்கவைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும்தான் கூடும். பாலக்கோட்டில் படிக்கும்போது நீ சிரித்தால் தாவணியால் வாயை மூடிக்கொள்வாயே, அந்தப் பழுப்புப் பல் ஞாபகம்தான் எனக்கு வந்தது. பல் முளைக்கும் முன்பே, சின்ன வயசில் குடித்த தண்ணீர் போட்ட கறை அது. நீ சரியாகப் பல் துலக்குவதில்லை என்று வகுப்பில் எத்தனை பேர் சொன்னார்கள்! இப்போதும் கோபம் வருகிறது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபிறகுதான் கொஞ்சம் மாறியிருக்கிறது. அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கவும் சமைக்கவும் வைக்க வேண்டும் என்று குழுவில் எல்லாரும் முடிவு செய்தோம். பேரன் பேத்திகளுக்காக இதில் மட்டும் யாருக்கும் விலக்கு இல்லை.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை. ராத்திரிச் சோற்றைக் குறைத்து, மதியம் ராகிக் களியும் கீரைக் கடைசலும். ராகியில் சுண்ணாம்புச் சத்து நிறைய, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் ராகி என்றால் சர்க்கரை ஏறாது என்று உருண்டை உருண்டையாகச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அதுவும் மாவுச்சத்துதானே. ஒரு உருண்டை, கீரை தாராளம். உனக்கும் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றாய், அதனால் சொல்கிறேன்.

அறுபது நாள் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒன்பது பேர் இன்னும் வருகிறோம். போன வாரம் எனக்கு 134-க்கு 86. மாத்திரையை நிறுத்தவில்லை, டாக்டர் சொன்னால்தான் குறைப்பேன்.

கோயம்புத்தூரில் உனக்கு அப்படி வாசலில் வந்து நிற்க ஆள் இல்லையே என்பதுதான் என் கவலை. கீழ்வீட்டு அக்காவுக்கும் முட்டிவலி என்று எழுதியிருந்தாயே, அவரை ஒரு நாள் கூப்பிட்டுப் பார். அதுவரை நான் காலை ஐந்தரைக்குப் போன் செய்கிறேன். எடுத்துப் பேசிக்கொண்டே பத்து நிமிடம் நட, போதும். வலி கூடினால் நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பார். ஆடிப்பெருக்குக்கு வரும்போது ஷூவை மறக்காமல் எடுத்து வா. உன் பெயரை நோட்டில் பன்னிரண்டாவதாக எழுதிவிட்டேன்.

உன்,
சரஸ்வதி