விடுமுறைக்கு முன் ஒரு கொசு விவகாரம்

அன்பார்ந்த பெற்றோர்களே, வணக்கம்.

போன வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் டார்ச்லைட்டும் பூதக்கண்ணாடியுமாகப் பள்ளி முழுக்கக் கொசுப்புழு தேடினார்கள். சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில்தான் அகப்படும் என்று எல்லாரும் நினைத்தோம். பெற்றோர் சிலர் அந்தச் சாக்கடையைப் பற்றி என்னிடம் முறையிட்டும் இருந்தார்கள். கடைசியில் அகப்பட்டது என் அறையில். சன்னலோரம் நான் ஆசையாக வளர்க்கும் மணிபிளாண்ட் தொட்டியின் அடித்தட்டில், அரை டம்ளர்கூடத் தேறாத தெளிந்த தண்ணீரில், ஏழெட்டுப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. "டீச்சர், ஜெந்திக் ஜெந்திக்!" என்று, கொசுப்புழுவுக்கு மலாயில் உள்ள பெயரைச் சொல்லி ஒரு மாணவி போட்ட சத்தத்தில் அலுவலகமே எழுந்து வந்துவிட்டது.

சாக்கடையின் கலங்கல் தண்ணீர் வேறு கொசுக்களுக்குப் பிடிக்கும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது வீட்டுக்குள்ளும் வாசலிலும் அசையாமல் நிற்கும் தெளிந்த நீர். பூந்தொட்டித் தட்டு, ஐஸ்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மூடாத வாளி, தீபாவளிக்கு ஏற்றிவிட்டு வெளியிலேயே விட்ட அகல் விளக்கு, தைப்பூசத்துக்கு உடைத்த தேங்காயின் ஓடு என்று எதுவும் அதற்குப் போதும்.

இந்தக் கடிதத்தை இப்போது எழுதுவதற்குக் காரணம் வரப்போகும் விடுமுறை. முன்னும் பின்னும் உள்ள சனி, ஞாயிறு சேர்த்தால் 9 நாள் பள்ளியில் வகுப்பு இருக்காது. நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகும். கணக்கு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். ஊருக்குப் போகும் உங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆகாது. ஏடிஸ் தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கும். கரும்புள்ளி மாதிரி இருக்கும், அழுக்கு என்று விட்டுவிடுவோம். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாமல் காத்திருக்கும். அடுத்த மழையில் நீர் ஏறி அதைத் தொட்டதும் பொரிக்கும். அதனால் தட்டைக் கவிழ்த்தபின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மழைக்காலம் முடிந்தால் கவலை இல்லை என்பதும் சரியல்ல. குழாயில் தண்ணீர் தடைபடும் என்று அறிவிப்பு வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? இருக்கிற வாளி, டிரம் எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிறோம். மழையே இல்லாத வாரத்தில் கொசுவுக்கு நாமே குளம் வெட்டிக் கொடுத்த மாதிரிதான். வெயில் கூடக்கூட இன்னொன்றும் நடக்கிறது: புழு சீக்கிரம் வளர்கிறது, கொசுவின் உடம்பில் போன கிருமியும் சீக்கிரம் பெருகி அடுத்தவரைத் தொற்றத் தயாராகிவிடுகிறது.

நம் பினாங்குக்கு டிங்கி புதிதல்ல. மலாயாவில் டிங்கி முதன்முதலில் பதிவானது 1901, 1902 வாக்கில் இந்தத் தீவில்தான். இரத்தக்கசிவோடு வரும் கடுமையான டிங்கியும் 1962இல் இங்கேதான் முதலில் தெரியவந்தது. நம் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பட்ட மலைக்காய்ச்சலின், அதாவது மலேரியாவின், கதை வேறு. அதைக் கொண்டுவந்தது வேறு கொசு. 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் காட்டை அழித்து, தேங்கிய நீரை வடியவிட்டதும் காய்ச்சல் தணிந்தது. மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியபோதோ அது கூடிவிட்டது. அங்கிருந்த கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகும் வகை. எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று பார்க்காமல் கை வைத்ததன் பலன்!

"புகை அடிக்கச் சொல்லுங்கள் டீச்சர்" என்று கேட்கிறீர்கள். புகை, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தட்டில் நெளியும் புழு அதைச் சட்டை செய்யாது. சுகாதார அமைச்சு கேட்பது வாரம் 10 நிமிடம். வீட்டில் புழு இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 ரிங்கிட் வரை கொம்பாவுண்டும், அதாவது அபராதமும், உண்டு. அதிகாரி அன்றைக்கு என் அறைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், அப்புறம் நினைப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும். காய்ச்சலில் இருக்கும் ஒரு பிள்ளையைக் கடித்த கொசுதான் சில நாள் கழித்து இன்னொரு பிள்ளைக்குக் கிருமியைக் கொடுக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆஸ்பிரின், இபுபுரோஃபென் வேண்டாம். காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியாகிவிடாதீர்கள், டிங்கியில் ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து கிடப்பது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை காலை 8 மணிக்குப் பள்ளியில் கூட்டுத் துப்புரவுப் பணி. வரும்போது வீட்டில் தூக்கிப்போட வைத்திருக்கும் பழைய பல்துலக்கியை எடுத்து வாருங்கள், தட்டுகளின் விளிம்பைத் தேய்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. தேநீரும் வடையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொறுப்பு. மணிபிளாண்ட் தட்டை நானே கழுவிவிட்டேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்