ராத்திரி கண்விழிக்கிற தங்கைக்கு ஒரு கிறிஸ்துமஸ் கடிதம்

அன்புள்ள தங்கச்சி,

கர்த்தருடைய கிருபையும் சமாதானமும் உன்னோடு இருப்பதாக என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை அந்த வரியை எழுதும்போதே உன் கேள்வி குறுக்கே வந்து நின்றது. "எல்லாரும் பூமியிலே சமாதானம்னு பாடுறாங்க அக்கா. அது ஏன் என்கிட்ட மட்டும் வர மாட்டேங்குது?" என்று கேட்டிருந்தாய்.

அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து நீ ஒரு ராத்திரி கூட முழுசாகத் தூங்கவில்லை. நடுராத்திரியில் துணி மாற்றிவிடப் போனால் அம்மா உன் கையைத் தட்டிவிட்டு, "நீ யாரு?" என்று கேட்கிறார்கள். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை, வேதத்தைத் திறந்தால் கண் சொருகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். இதற்கு நடுவில் யாரோ ஒருவர் வந்து, விசுவாசம் இருந்தால் சமாதானம் தானாக வரும் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பேச்சு தவறு. கிறிஸ்து பிறந்த வரலாற்றை முழுசாகப் படித்தாலே அது தவறென்று தெரிந்துவிடும். அதைத்தான் உனக்கு எழுத நினைத்தேன். உன்னைப் போல வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால், நீ சரி என்று சொன்ன பிறகே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

லூக்கா 2-ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் மேய்ப்பர்களிலிருந்துதான் மனதில் வைத்திருக்கிறோம். லூக்கா தொடங்குவது அங்கே இல்லை. ரோமப் பேரரசனான அகுஸ்துராயனிடம் தொடங்குகிறார், அவன் போட்ட குடிமதிப்புக் கட்டளையிடம், அதாவது மக்கள் கணக்கெடுப்பிடம் தொடங்குகிறார். அந்தக் காலத்தில் சமாதானத்தைப் பற்றி உரக்கப் பேசினவர் அந்த ராயன்தான். கி.மு. 9-இல் ரோமாபுரியில் சமாதானத்துக்கென்றே பளிங்கில் ஒரு பலிபீடம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். ஏறக்குறைய அதே சமயம், இப்போது துருக்கியில் இருக்கும் ஆசியா மாகாணத்தில், அகுஸ்துவின் பிறந்தநாளையே வருஷப்பிறப்பாக வைத்துக்கொள்ளத் தீர்மானம் போட்டார்கள். பிரியேனே என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டில் அது இருக்கிறது. அந்தப் பிறந்தநாள் உலகத்துக்கு நற்செய்தியின் தொடக்கமாம்!

அந்தச் சமாதானத்தைக் காவல் காத்தது சேனை. அதற்குச் செலவாகும் பணம் வரியாக வந்தது, வரி வசூலிக்கத் தலைகளை எண்ண வேண்டியிருந்தது. அதனால்தான் நிறைமாதத்தில் இருந்த ஒரு பெண், நாசரேத்திலிருந்து பெத்லெகேமுக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலே பயணம் போக வேண்டியதாயிற்று. ராயனுடைய சமாதானம் மரியாளுக்குக் கொடுத்தது அவ்வளவுதான். லூக்கா இதையெல்லாம் முன்னால் வைத்துவிட்டுத்தான் தேவதூதர்களைப் பூமியிலே சமாதானம் என்று பாட வைக்கிறார். எல்லாம் ஓய்ந்து, கணக்கெடுப்பு முடிந்து, அவரவர் வீடு திரும்பின பிறகு அந்தப் பாட்டு வரவில்லை.

அது யாரிடம் வந்தது என்று பார். மேய்ப்பர்களிடம். "வயல்வெளியில் தங்கி, இராத்திரியில் தங்கள் மந்தையைக் காத்துக்கொண்டிருந்தார்கள்" என்று வேதம் சொல்கிறது. அவர்கள் ஜெபத்தில் இருந்ததாக ஒரு வார்த்தை கிடையாது. தூக்கத்தை விட்டுவிட்டு, தங்களுக்காக எதையும் செய்துகொள்ள முடியாத உயிர்களைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு உன் வீட்டில் நடப்பதும் அதுதானே? தூதன் வந்து, இப்படி உட்கார்ந்திருக்கிறீர்களே, போய் ஜெபம் பண்ணுங்கள் என்று அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பயப்படாதிருங்கள் என்றுதான் முதல் வார்த்தை.

அப்புறம் தேவதூதர்கள் போய்விட்டார்கள். இதை நாம் கவனிப்பதே இல்லை. 15-ஆம் வசனம், "தேவதூதர்கள் அவர்களை விட்டுப் பரலோகத்துக்குப் போனபின்பு" என்றுதான் தொடங்குகிறது. வெளிச்சம் போய்விட்டது, பாட்டு நின்றுவிட்டது, பழையபடி இருட்டு. அதற்குப் பிறகுதான் மேய்ப்பர்கள் எழுந்து போனார்கள், பிள்ளையைக் கண்டார்கள். 20-ஆம் வசனத்தில் தேவனை மகிமைப்படுத்திக்கொண்டே திரும்பிப் போனார்கள். எங்கே திரும்பிப் போயிருப்பார்கள்? அதே வயல்வெளிக்கு, அதே ஆடுகளிடம்தான். உனக்குள்ளே பாட்டு கேட்கவில்லை என்பதை வைத்து, தேவன் உன்னைவிட்டுப் போய்விட்டார் என்று முடிவு கட்டிவிடாதே. பாட்டு கேட்டவர்களுக்கே அது கொஞ்ச நேரம்தான் கேட்டது.

அங்கே அவர்கள் கண்டது என்ன? துணிகளில் சுற்றி, முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், கிடத்தப்பட்ட ஒரு பிள்ளை. இந்தத் துணியைப் பற்றி உன்னிடம் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை உன் அளவுக்குப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் குறைவு. பிறந்த குழந்தையைக் கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், சுற்ற வேண்டும். நனைத்துக்கொண்டால் அவிழ்த்து வேறு துணி மாற்ற வேண்டும். கழுத்து நிற்காது, கை கொடுத்துத் தாங்க வேண்டும். ராத்திரியில் எத்தனை முறை அழுதாலும் எழுந்திருக்க வேண்டும். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் இந்த வேலையையெல்லாம் இன்னொருவர் கையால் தமக்குச் செய்யும்படி விட்டுக்கொடுத்தார். தம்மால் ஒன்றும் செய்ய முடியாத நிலையில், மரியாளின் கைகளில் கிடந்தார். தேவனுக்கே துணி மாற்றிவிட ஆள் வேண்டியிருந்தது, தங்கச்சி. நீ இப்போது செய்கிற வேலையை அவர் அருவருக்கவில்லை. அதன் நடுவில்தான் வந்து பிறந்தார். ஆகவே, அம்மாவின் படுக்கை விரிப்பை மாற்றுகிற நேரமெல்லாம் ஜெபத்திலிருந்து திருடப்பட்ட நேரம் என்று இனிமேல் நினைக்காதே.

மத்தேயு சொல்கிற பகுதி இன்னும் கடினம். கிறிஸ்துமஸ் நாடகங்களில் யூதேயாவின் ராஜாவான ஏரோதுவுக்கு ஒரு கிரீடம் வைத்து, கொஞ்சம் கத்த வைத்து முடித்துவிடுகிறோம். நிஜத்தில் அவன் தன் மனைவி மரியம்னேயைக் கொன்றவன். கி.மு. 7-இல் தன் சொந்த மகன்கள் இரண்டு பேரைக் கொன்றான், சாவதற்குச் சில நாள் முன்பு மூத்த மகனையும் கொன்றான். தன் பெயரிலேயே ஒரு கோட்டை அரண்மனையைக் கட்டி வைத்திருந்தான். ஏரோதியம் என்ற அந்தக் குன்று பெத்லெகேமிலிருந்து தென்கிழக்கே சுமார் 5 கிலோமீட்டர்தான். சமாதானப்பிரபு பிறந்தது அந்தக் கோட்டைக்கு அவ்வளவு பக்கத்தில். கொஞ்ச காலத்தில் யோசேப்பு இராத்திரியோடு இராத்திரியாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓட வேண்டியதாயிற்று. பெத்லெகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண்பிள்ளைகள் ஏரோதுவின் கட்டளையால் கொல்லப்பட்டார்கள்.

இந்த இடத்தில் மத்தேயு எந்த விளக்கமும் கொடுப்பதில்லை. எரேமியாவிலிருந்து ஒரு வசனத்தை மட்டும் எடுத்து வைக்கிறார்: ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது, "ஆறுதலடையாதிருக்கிறாள்". அவ்வளவுதான். ஏன் அம்மா ஆறுதலடைய மாட்டேன் என்கிறாய், உனக்கு விசுவாசம் இல்லையா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள் அழுகை அப்படியே, திருத்தப்படாமல், கிறிஸ்து பிறந்த வரலாற்றின் உள்ளே இருக்கிறது. உன்னிடம் அப்படிப் பேசினவர் இந்த வசனத்தை மறுபடியும் படித்துப் பார்த்தால் நல்லது.

மீகா 5-ஆம் அதிகாரத்தையும் ஒரு தடவை எடுத்துப் பார். பெத்லெகேமே என்று தொடங்கும் அந்தத் தீர்க்கதரிசனத்தை நாம் இரண்டாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். ஐந்தாம் வசனம், "இவரே சமாதான காரணர்" என்கிறது. அடுத்த மூச்சிலேயே அசீரியன் தேசத்துக்குள் வந்து அரமனைகளை மிதிப்பதைப் பற்றிப் பேசுகிறது. எதிரி வாசலில் நிற்கும்போது சொல்லப்பட்ட வார்த்தை அது.

சரி, அப்படியானால் நமக்குக் கிடைத்த சமாதானம் எது?

ரோமர் 5:1-ஐப் பார். நாம் "விசுவாசத்தினாலே நீதிமான்களாக்கப்பட்டிருக்கிறபடியால்" தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருக்கிறோம் என்கிறார் பவுல். இது மனதில் ஏற்படுகிற அமைதியைப் பற்றிய பேச்சே கிடையாது. தேவனுக்கும் நமக்கும் நடுவில் இருந்த பகை தீர்ந்துவிட்டது, அவர் இப்போது நம் பட்சத்தில் இருக்கிறார் என்பது அதன் பொருள். முன்னணையில் கிடந்தவர் அதற்காகத்தான் வந்தார், சிலுவையில் அதை முடித்தார். நீ நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் அது கூடுவதில்லை. அம்மாவிடம் பொறுமை இழந்து சத்தம் போட்டுவிட்டு அடுப்படியில் போய் அழுத நாளில் அது குறைவதும் இல்லை. காய்ச்சலில் அழுகிற குழந்தை அம்மாவின் மடியில்தான் இருக்கிறது. அது அழுகிறதென்று மடி இல்லாமல் போய்விடுமா?

மனதுக்குள் வருகிற அமைதியும் தேவன் கொடுப்பதுதான், அதை நான் லேசாகப் பேசவில்லை. எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் என்று பவுல் பிலிப்பியருக்குக் கட்டுண்டிருந்த நிலையில்தான் எழுதினார். அதைக் கேள், கேட்டுக்கொண்டே இரு. ஆனால் அது வரத் தாமதமாகிறபோது அஸ்திவாரமே ஆடிவிட்டதென்று பயப்படாதே. நம் ஆண்டவரையே பார். "என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்" என்று சீஷர்களிடம் சொன்னது அவர் பிடிபட்ட ராத்திரியில். அதே ராத்திரியில், கெத்செமனேயில், என் ஆத்துமா மரணத்துக்கு ஏதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார். சமாதானத்தைக் கொடுத்த வாயும் துக்கத்தைச் சொன்ன வாயும் ஒன்றுதான். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

தேவாலயத்தில் பிள்ளை இயேசுவைக் கண்ட சிமியோனைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு, இப்பொழுது உமது அடியேனைச் சமாதானத்தோடே போகவிடுகிறீர் என்றார் அல்லவா? அதோடு நிறுத்தவில்லை. மரியாளின் பக்கம் திரும்பி, உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும் என்றும் சொன்னார். ஆட்டுக்குட்டி வாங்க வழியில்லாதவர்கள் செலுத்தும் புறாக் காணிக்கையோடு தேவாலயத்துக்கு வந்திருந்த அந்தச் சின்ன வயசுத் தாய், ஒரே நாளில் இரண்டையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அம்மா உன்னை "நீ யாரு?" என்று கேட்பதுதான் உன்னை ரொம்பவும் உடைத்துப்போடுகிறது என்று தெரியும். பெற்றவளே தன் பிள்ளையை மறப்பாளா என்று ஏசாயா 49:15-இல் தேவனே கேட்கிறார். அந்த வசனத்தைப் பலமுறை கேட்டிருப்பாய். இப்போது மெதுவாகப் படி: "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை." மறக்கவே மாட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. மறந்துபோகிற நாள் வரலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த வசனத்தில், தம் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறதாகச் சொல்கிறார். அம்மாவையும் அப்படித்தான் வரைந்து வைத்திருக்கிறார். அவர்களுக்குத் தன் பெயரே மறந்துபோனாலும், அவர்களை மறக்காத ஒருவர் இருக்கிறார்.

இனி, செய்ய முடிகிற காரியங்கள். நீளமாக ஜெபிக்க முயற்சி செய்யாதே. துணி மாற்றும்போது, "கர்த்தாவே, இரங்கும்" என்று சொன்னால் போதும். அதுவும் வரவில்லையென்றால் பெருமூச்சு விடு. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. படிக்கக் கண் நிற்காவிட்டால், போனில் லூக்கா 2-ஐ ஒலியாகப் போட்டுவிடு. முதல் வசனத்திலிருந்து நாற்பதாவது வசனம் வரை. அம்மா சின்ன வயதில் பாடின ஞானப்பாட்டுகளைப் பாடிப் பார். ஆட்களை மறந்தவர்களுக்குக்கூடப் பழைய பாட்டு ஞாபகத்தில் இருப்பதுண்டு. அம்மா கூடச் சேர்ந்து முணுமுணுக்கலாம். முணுமுணுக்காவிட்டாலும் பரவாயில்லை, பாடு.

24-ஆம் தேதி ராத்திரி நான் வந்து அம்மாவோடு இருக்கிறேன். நீ ஆராதனைக்குப் போவதாக இருந்தால் போ, தூங்குவதாக இருந்தால் தூங்கு. இரண்டில் எதைச் செய்தாலும் ஆண்டவர் உன்னிடம் கோபப்படமாட்டார். எந்த மருந்து எத்தனை மணிக்கு, அம்மாவை எந்தப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், மாற்றுத் துணி எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மேஜையில் வை. ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன்.

கர்த்தருக்குள் உன்னை நேசிக்கும்,
அக்கா