ரப்பர் உடைக்குள் இருந்த கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கிராஃபிக்ஸ் கட்டுரையைப் படித்தேன். ராட்சத மிருகம் ஊரை அழிக்கும் ஜப்பானியப் படமான 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' படத்துக்காக 35 பேர் கொண்ட குழு 610 ஷாட்களைச் செய்து ஆஸ்கர் வாங்கியதை நன்றாகவே எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் பழைய காட்ஸில்லா படங்களை, 'ரப்பர் உடை மாட்டிய ஆள் அட்டை வீடுகளை மிதித்த காலம்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். அந்த வரி உறுத்தியதால்தான் எழுதுகிறேன்.

1954-ல் டோஹோ நிறுவனம் முதல் காட்ஸில்லாவை எடுத்தபோது தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பு எய்ஜி சுபுராயா. 'கிங் காங்' பார்த்து மயங்கியவர் அவர். அதைப்போல பொம்மையை ஒவ்வொரு பிரேமுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுக்கத்தான் அவருக்கும் ஆசை. கையில் இருந்ததோ சில மாதங்கள். அதனால்தான் உடைக்குள் ஆளை இறக்கினார். வேறு வழியில்லாமல் செய்ததுதான், சரி. ஆனால் செய்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். மணமக்கள் தலையில் விழும் அட்சதையை விநாடிக்கு 120 பிரேமில், அதாவது 120 தனிப் படங்களாக எடுத்து, வழக்கமான வேகத்தில் ஓட்டினால் அரிசி மிதந்து மிதந்து இறங்கும். மினியேச்சரில், அதாவது சின்னதாகக் கட்டிய மாதிரிகளில், இதே வித்தைக்கு வேறு வேலை. கதைப்படி காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். உடை போட்ட ஆள் இரண்டு மீட்டர் என்றால் எல்லாமே இருபத்தைந்தில் ஒரு பங்கு. அந்த அளவில் கட்டிய கட்டடம் இடிந்தால், நிஜக் கட்டடம் விழ ஆகும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கிலேயே தரையைத் தொட்டுவிடும். பார்ப்பவருக்கு அது பொம்மை என்று உடனே தெரிந்துவிடும். ஐந்து மடங்கு வேகத்தில், அதாவது விநாடிக்கு 120 பிரேமில் எடுத்து 24-ல் ஓட்டினால் அதே இடிபாட்டுக்கு டன் கணக்கில் எடை வந்துவிடுகிறது. எல்லா ஷாட்டும் இதே வேகத்தில் எடுக்கப்பட்டதல்ல, ஆனால் கணக்கு இதுதான்.

பிரேம் கூடினால் வெளிச்சம் போதாது. மண்டபத்தில் தினமும் நாங்கள் படும் பாடு இது. டோஹோ படப்பிடிப்பில் விளக்குக்கு மேல் விளக்காக வைத்தார்கள். அந்தச் சூட்டில் உடைக்குள் நின்றவர் ஹருவோ நகாஜிமா. முதலில் செய்த உடை ஏறக்குறைய 100 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு நடக்கவே முடியாமல் போக, லேசாக இன்னொன்றைச் செய்தார்கள். மிருகக்காட்சி சாலைக்குப் போய் யானையும் கரடியும் காலை எடுத்துவைக்கும் விதத்தைக் கவனித்துவிட்டு வந்து நடித்தவர் அவர். 1972 வரை அந்த வேடம் அவருடையதுதான். 'உடை மாட்டிய ஆள்' என்றால் இவ்வளவும் சேர்ந்துதான்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் படம் வந்த 1954 மார்ச்சில்தான் பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். படத்தில் எரியும் டோக்கியோவோ, ஒன்பது வருடம் முன்பு விமானக் குண்டுகளில் நிஜமாகவே எரிந்த ஊர். அந்த ஜனங்களுக்கு முன்னால் அதே ஊரைச் சின்னதாகக் கட்டி எரிக்கிறவர், சிரிப்பு வரும்படி எடுத்துவிட முடியுமா?

பின்னால் சாயம் வெளுத்தது உண்மை. 1970-களின் சில படங்களில் பழைய காட்சிகளையே வெட்டி ஒட்டினார்கள். மல்யுத்தம் பார்ப்பதுபோல் இருக்கும். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

கட்டுரையாளர் 1954 படத்தை இன்னொரு முறை போட்டு, காட்ஸில்லாவின் மூச்சுப் பட்டு உயர் அழுத்த மின்கோபுரங்கள் வளைந்து உருகும் இடத்தில் நிறுத்திப் பார்க்கட்டும். அந்தக் கோபுரங்கள் அட்டை இல்லை. மெழுகு.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கும்பகோணம்