சொல் வரும்வரை காத்திருந்தவருக்கு

அன்புடையீர்,

பதற்றத்துக்காக ஆண்டுக்கணக்கில் உண்டு பழகிவிட்ட மருந்திலிருந்து விடுபட, அதற்குப் பதிலாக மருத்துவர் தந்த டயசெபம் மாத்திரையின் அளவு சென்ற வாரம் நாளொன்றுக்கு 2 மில்லிகிராமாக இறங்கியது. சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த கையோடு 20 மில்லிகிராமில் தொடங்கி, 16 மாதங்களாக ஒவ்வொரு படியாக இறங்கி வந்திருக்கிறேன். இன்னும் சில படிகள் மீதமுள்ளன. அன்று மாலை மூன்றாம் வகுப்புப் பாடநூலை எடுத்து இரண்டு பக்கங்களைப் படித்தேன். இரண்டாம் பக்கம் முடிந்தபோதும் முதல் பக்கத்தில் இருந்தது என் நினைவில் அப்படியே இருந்தது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். அந்தக் கண்ணீரின் ஈரம் காய்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்றே இம்மடலைத் தொடங்குகிறேன்.

எனக்கு நேர்ந்தது என்ன என்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மீண்டும் சொல்ல எனக்குத் தெம்பில்லை, தேவையுமில்லை. மூளையில் கவிந்திருந்த மூட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பெற்ற உதவியின் அருமை அதைச் சொன்னால்தான் விளங்கும். ஆறு ஆண்டுகள் நான் உண்டது அல்பிரசோலம். பதற்றத்தைத் தணிக்கும் காபா என்னும் வேதிப்பொருள் மூளையில் இயல்பாகவே உண்டு. அதன் வேலையைக் கூட்டித் தருவதே இவ்வகை மருந்துகளின் தொழில். ஆண்டுக்கணக்கில் இந்த உதவி வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், மூளை அதற்குப் பழகி, தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் திறனைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு மருந்தைக் குறைக்கும்போது, கதவு சாத்தும் ஓசைக்கும் குழல்விளக்கின் வெளிச்சத்துக்கும் கூட உடம்பு துள்ளி விழுகிறது, உறக்கம் போய்விடுகிறது, மனத்தில் எதுவும் பதிவதில்லை.

தமிழாசிரியையான என்னிடமிருந்து முதலில் போனவை பெயர்ச்சொற்கள். கரும்பலகையில் குடையின் படத்தை வரைந்துவிட்டு, அதற்குக் கீழே எழுத வேண்டிய மூன்று எழுத்துக்கும் குறைவான அந்தச் சொல்லைத் தேடி, சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன். என் கணவரும் மகளும் உடன் பணிபுரியும் ஆசிரியர்களும் நான் தடுமாறிய ஒவ்வொரு முறையும் சொல்லை எடுத்துக் கொடுத்தார்கள். அன்பினால்தான் செய்தார்கள், அதற்கு நான் கடமைப்பட்டவள். ஆனால் அப்படிக் கிடைத்த சொல் என்னிடம் தங்கவில்லை. மறுநாள் அதே சொல்லுக்கு மீண்டும் நின்றேன். போகப் போக, வாய் திறப்பதற்கே கூச்சமாகி, வீட்டில் தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த நிலையில்தான், சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை, கோர் தெ கார்த் மலையைப் பார்த்த எங்கள் தெருவில் எதிர்வீட்டில் இருக்கும், நாங்கள் தாந்தின் (கிரெயோலில் அத்தை) என்று அழைக்கும் அம்மா என் வாசலில் வந்து நின்றார். எழுபது வயதைக் கடந்தவர். இளமை முழுவதையும் கரும்புத் தோட்டத்தில் கழித்தவர். மலைக்கோயிலில் பாடும் பாட்டையெல்லாம் பிரெஞ்சு எழுத்தில் குறித்து வைத்துப் பாடுவாரே தவிர, தமிழ் எழுத்து ஒன்றும் அறியாதவர், வீட்டில் பேசுவது மொரீசியசில் வழங்கும் கிரெயோல் மொழிதான். கைப்பையிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து, அதில் தமிழில் அச்சிட்டிருந்த வரியின் மேல் விரலை வைத்து, "மிஸ், வாழ்நாள் பூரா இந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருந்தேன். இங்கே என்ன எழுதியிருக்கிறது?" என்று கிரெயோலில் கேட்டார். "நூறு ரூபாய்" என்று படித்துக் காட்டினேன். "இதை நானே படிக்க வேண்டும், கற்றுக்கொடுப்பீர்களா?" என்றார். மறுப்பதற்கு ஒரு காரணத்தைத் தேடினேன். அந்நாட்களில் காரணமும் கிடைக்காது. ஆகையால் சரி என்றேன்.

அன்று முதல் ஒவ்வொரு புதன்கிழமையும் நான்கு மணிக்கு வந்தார். மடியில் ஒரு முறத்தில் கீரையோ பருப்போ இருக்கும். அதை ஆய்ந்துகொண்டே பாடம் கேட்பார். பாடத்தின் நடுவே எனக்குச் சொல் நின்றுபோகும். அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். அவசரப்படுத்தவும் மாட்டார், ஆறுதல் சொல்லவும் மாட்டார். அடுத்த காம்பைக் கிள்ளுவார், அதற்கடுத்ததைக் கிள்ளுவார். அவரிடம் தமிழ்ச் சொல் இல்லாததால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை என்றே முதலில் நினைத்தேன். அது உண்மையன்று. கிரெயோல் சொல்லையாவது அவர் தந்திருக்கலாம். ஒரு முறைகூடத் தரவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள், ககர வரிசையில் முடியும் சொற்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்காட்டுக்கு அவருடைய முறத்தில் இருந்த கீரையையே காட்டி அதன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், பெயர் இல்லை. இலை கண்ணெதிரே இருக்கிறது, அதன் மணம் மூக்கில் இருக்கிறது, என் தாய் அதைப் பொரியல் செய்த சட்டிகூட நினைவில் இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. வியர்த்துவிட்டது. தாந்தின் இலைகளை உருவிக்கொண்டே இருந்தார். தெருமுனையில் பேருந்து ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. அடுத்த பேருந்தும் வந்து போயிற்று. அதற்குப் பிறகு, யாரும் தராமல், உள்ளிருந்து தானாகவே "முருங்கை" என்று வந்தது.

தாந்தின் அப்போதுதான் நிமிர்ந்தார். "முருங்கை" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு "ப்ரெத் மூரூம்!" என்று வியந்து, முறத்தைத் தட்டினார். தாம் அன்றாடம் கிரெயோல் என்று நினைத்துச் சொல்லிவந்த மூரூம் முருங்கைதான் என்பதை அந்தக் கணத்தில் அவரே கண்டுகொண்டார். காரிபூலே கறிவேப்பிலை என்பதையும், ரசொன் ரசம் என்பதையும் நான் சொல்லச் சொல்ல, எழுபது ஆண்டுகளாகத் தாமே அறியாமல் தமிழ் பேசி வந்திருப்பதாகச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். முருங்கை என்ற சொல் அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை. அதன் பின் தேடியெடுத்த ஒவ்வொரு சொல்லும் அவ்வாறே தங்கியது.

டிசம்பரில் ஒரு படி இறங்கியபோது நான்கு இரவுகள் உறங்காமல் கிடந்தேன். புதன்கிழமை பாடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பவும் மறந்துவிட்டேன். அவர் வழக்கம்போல வந்து, என் நிலையைப் பார்த்து, எதுவும் கேட்காமல் சமையலறை மேசையில் உட்கார்ந்து, முந்தைய வாரத்து எழுத்துகளை ஒரு மணி நேரம் தாமே எழுதிவிட்டு, குறிப்பேட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அடுப்பின் மேல் ஒரு சட்டி ரசொன் இருந்தது.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். என் மருத்துவர், விரைவாக உடலை விட்டு நீங்கும் அல்பிரசோலத்தை மெல்ல நீங்கும் டயசெபத்துக்கு மாற்றி, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் குறைத்தார். தாங்காத மாதத்தில் குறைக்காமல் அதே அளவில் நிறுத்தி வைத்தார். மருந்துக்கடைத் தம்பி மாத்திரைகளைச் சரிபாதியாக வெட்டி, நாள்வாரியாக உறையிலிட்டுத் தந்தார். தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் என் வகுப்புகளைப் பகிர்ந்துகொண்டார்கள். அன்னதானத்துக்கு வாழையிலையில் ஏழு கறி பரிமாறும் கோயில் மகளிர் என் பங்கை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். என் கணவருக்கும் மகளுக்கும் எழுத்தில் நன்றி சொல்லி முடியாது. நேரில் காணாத ஒருவரும் உண்டு: இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை, இம்மருந்துகளிலிருந்து விடுபட விரும்பியோருக்கென்றே ஒரு மருத்துவப் பிரிவை நடத்தி, நோயாளிகளின் வேதனையைக் கற்பனை என்று தள்ளாமல் கேட்டுக் குறித்து வைத்த பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன். அவர் 2019இல் மறைந்தார். என் மருத்துவர் எனக்கு வகுத்த படிகளுக்கு அடிப்படை அவர் வகுத்தவையே.

இதைப் படிப்பவர்களில் யாரேனும் இதே மாத்திரையை உண்டுகொண்டிருந்தால், என் மடலைக் கண்டு உற்சாகத்தில் தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். திடீரென நிறுத்தினால் வலிப்புவரை கொண்டுபோய்விடும். மருத்துவரிடம் பேசுங்கள். நரம்பியல் உலகம் போற்றும் பிரௌன் செக்கார் 1817இல் பிறந்தது நம் போர்ட் லூயியில்தான். அவர் பெயர் தாங்கிய மனநல மருத்துவமனையின் பெயரையோ எங்கள் வீட்டில் தாழ்ந்த குரலில் மட்டுமே சொல்வார்கள். அந்தத் தாழ்ந்த குரலுக்கு அஞ்சித்தான் நான் ஆறு ஆண்டுகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இனி என் வீட்டில் அந்தக் குரல் இராது.

என் வகுப்பில் ஒரு குழந்தை எழுத்துக்கூட்டும்போது நின்றால், இனி நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். முகத்தையும் உற்றுப் பார்க்க மாட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக எடுத்துக் கொடுத்தே பழகிய எனக்கு இது எளிதாக வரவில்லை. தொடக்கத்தில் மேசைக்கடியில் விரல்களை இறுக்கிக்கொண்டு அடங்கியிருக்கிறேன்.

தாந்தின், இம்மடலைக் கிரெயோலில் எழுதியிருந்தால் இன்றே உங்களை எட்டியிருக்கும். வேண்டுமென்றேதான் தமிழில் எழுதினேன். இதை யாரும் உங்களுக்குப் படித்துக் காட்டக் கூடாது என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நூறு ரூபாய்த் தாளை நீங்களே படித்துவிட்டீர்கள். உயிர்மெய்யில் ழகர வரிசை ஒன்றுதான் பாக்கி. புதன்கிழமை நான்கு மணிக்கு முறத்தோடு வாருங்கள், இந்தத் தாளை மேசையில் வைத்திருப்பேன். எத்தனை பேருந்துகள் வந்து போனாலும், நீங்கள் படித்து முடிக்கும்வரை நான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன்.

நன்றியுடன்,
எதிர்வீட்டு மிஸ்
காத்ரு போர்ன், மொரீசியசு