புது டயர் பின்னால் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோலாலம்பூரில் மாலை மழை பிடிக்கும் மாதங்கள் வந்தால், டயர் கடைகளின் சலுகை விளம்பரங்களும் கூடவே வந்துவிடுகின்றன. பழைய கார் சந்தையில் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், மெர்சிடிஸ் சி கிளாஸ், லெக்சஸ் ஐஎஸ் போன்ற கார்களை இப்போது நம்மவர்கள் பலர் வாங்குகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை பின்சக்கரத்தால் ஓடுபவை. வாங்கும்போது எஞ்சின், கியர்பாக்ஸ் என்று துருவித் துருவிப் பார்ப்பவர்கள், டயர் மாற்றும் நேரம் வந்ததும் கடைக்காரர் கை காட்டுவதைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

"ரெண்டு மாத்தினா போதும், புதுசை முன்னால போட்டுடலாம். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அங்கதானே?" என்பது கடைகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. நான்கு சக்கரத்திலும் ஒரே அளவு டயர் உள்ள கார்களில், உதாரணமாக 225/50ஆர்17 (அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 50 விழுக்காடு, ரிம் 17 அங்குலம்) போட்ட பிஎம்டபிள்யூ 320ஐ அல்லது மெர்சிடிஸ் சி200-இல், இந்த யோசனை எடுபட்டுவிடும். ஆனால் அது தவறு. மழைநீரில் முன்டயர் பிடி விட்டால் கார் நேராகப் போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்ப வரும். பின்டயர் பிடி விட்டால் கார் வால் வீசிச் சுழலும். அதை நேர்ப்படுத்தும் பழக்கம் சாதாரண ஓட்டுநருக்குக் கிடையாது. பின்சக்கர இயக்கத்தில் எஞ்சினின் இழுவையும் அதே இரண்டு டயர்களின் தலையில்தான் விழுகிறது. வழுக்கலைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடு ஒரு சக்கரத்துக்கு பிரேக் போடும், எஞ்சின் வேகத்தைக் குறைக்கும். தண்ணீரின் மேல் மிதக்கும் டயருக்குப் பிடியை அது எங்கிருந்து கொண்டுவரும்? மைவி, சாகா போன்ற முன்சக்கர இயக்கக் கார்களுக்குக்கூடப் புது டயர் பின்னால் போக வேண்டும் என்றுதான் டயர் நிறுவனங்களே சொல்கின்றன.

18 அங்குல எம் ஸ்போர்ட் ரிம் உள்ள 3 சீரிஸில் முன்னால் 225/45ஆர்18, பின்னால் 255/40ஆர்18. இங்கே முன்பின் மாற்றிப் போடும் பேச்சுக்கே இடமில்லை. பின்டயர் சீக்கிரம் தேயும், அதை மட்டும் தனியாக வாங்க வேண்டிவரும். விலை கூடிய டயரும் அதுவே என்பதால், "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்று தள்ளிப்போடுவார்கள். அகலமான டயர் குறுகலான டயரைவிடக் குறைந்த வேகத்திலேயே தண்ணீரில் மிதக்கத் தொடங்கும். அகலமும் தேய்மானமும் சேர்ந்த பின்டயரோடு காராக் நெடுஞ்சாலையின் இறக்கத்தில் மழையில் வருவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். டயரின் பள்ளக்கோடுகளுக்குச் சட்டப்படி குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். நம் ஊர் மழைக்கு அது போதவே போதாது. பின்னால் 3 மில்லிமீட்டர் வந்ததும் மாற்றிவிட வேண்டும்.

ஆழத்தை எங்கே பார்ப்பது என்பதும் முக்கியம். இந்தக் கார்களின் பின்சக்கரம், மேல்பக்கம் உள்நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும்படிதான் வடிவமைக்கப்பட்டது. அதனால் டயரின் உள்விளிம்பு முதலில் தேயும். சக்கரத்தின் திசையும் கொஞ்சம் விலகியிருந்தால் இன்னும் வேகமாகத் தேயும். வெளியிலிருந்து குனிந்து பார்த்தால் 4 மில்லிமீட்டர் நன்றாகவே தெரியும். உள்விளிம்பிலோ மொட்டையாகிக் கம்பி எட்டிப் பார்க்கும். காரை லிஃப்டில் தூக்கச் சொல்லி, உள்பக்க ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். அப்படித் தேய்ந்திருந்தால், காரணத்தைச் சரி செய்யாமல் புது டயர் போடுவது வீண் செலவு. நான்கு சக்கர அலைன்மெண்ட், அதாவது நான்கு சக்கரங்களின் சாய்வையும் திசையையும் சீராக்கும் வேலையை, கேட்டு வாங்க வேண்டும். முதலில் பின்சக்கரங்களைச் சரிசெய்து, அந்தக் கோட்டுக்கு முன்சக்கரங்களை ஒட்டவைப்பதே முறை. சில கடைகள் முன்னால் மட்டும் திருகிவிட்டு ஸ்டீயரிங் நேராகிவிட்டது என்று அனுப்பிவிடுகின்றன. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் அச்சிட்ட தாளைக் கேளுங்கள். அதில் பின்சக்கர அளவு மாறியதா என்று பாருங்கள்.

அளவைக் கடைக்காரர் மாற்றச் சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள், கடினமே இல்லை. 255/40ஆர்18-இல் பக்கச்சுவர் உயரம் 255-இல் 40 விழுக்காடு, அதாவது 102. மேலும் கீழுமாக 204. 18 அங்குல ரிம்முக்கு 457 சேர்த்தால் விட்டம் 661 மில்லிமீட்டர். முன்டயர் 225/45-க்கு அதே கணக்கில் 660 வரும். முன்னும் பின்னும் இப்படி ஒத்துப்போவதால்தான் நான்கு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உணர்விகளும் குழம்புவதில்லை. "அந்த அளவு ஸ்டாக் இல்லை, 255/45 போடலாம்" என்றால் விட்டம் 687-க்குப் போய்விடும், ஏறக்குறைய 4 விழுக்காடு கூடுதல். அதை மறுத்துவிடுங்கள். பின்னால் ஒரே ஒரு டயரை மட்டும் மாற்றுவதும் இதே காரணத்தால் கூடாது. தேய்ந்ததும் புதியதும் பக்கத்தில் சுற்றினால் இரண்டின் விட்டமும் வேறுபட்டு, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் ஈடுகட்டிக்கொண்டிருக்கும்.

அளவுக்குப் பின்னால் அச்சிட்டிருக்கும் 95ஒய் போன்ற குறி அலங்காரத்துக்கு இல்லை. 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். 91 என்றால் 615. ஒய் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை, டபிள்யூ 270. நம் நெடுஞ்சாலையில் உச்ச வேகம் 110தானே என்று வேகக் குறியை அலட்சியம் செய்யலாம் போலத் தோன்றும். ஆனால் அது டயர் சூட்டைத் தாங்கும் திறனையும் காட்டுகிறது. கார் கையேட்டில் உள்ளதைவிடக் குறைந்த சுமைக் குறியை ஒருபோதும் ஏற்க வேண்டாம். தீபாவளிக்குக் குடும்பமும் பெட்டியுமாக ஈப்போவுக்கோ பினாங்குக்கோ போகும்போது பின்அச்சில்தான் பாரம் ஏறுகிறது. ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் முழுப் பாரத்துக்கென்று தனிக் காற்றழுத்தம் இருக்கும். அதைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்ப வேண்டும்.

ரன்ஃபிளாட் டயரை விடலாமா என்பது இந்தக் கார்காரர்களிடம் ஓயாத விவாதம். காற்று முழுக்கப் போனாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 80 கிலோமீட்டர் போகலாம் என்பது அதன் பலம். பக்கச்சுவர் கெட்டி என்பதால், பள்ளத்தில் விழும்போது அடி ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் நேராகப் போவது அதன் பலவீனம். சாதாரண டயருக்கு மாறினால் சவாரி மென்மையாகும், விலையும் பெரும்பாலும் குறையும். என் கணிப்பில் நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு அதுவே நல்லது. ஆனால் பல மாடல்களில் உதிரிச் சக்கரம் வைக்க இடமே இல்லை. ஒட்டுத்திரவமும் சிறு காற்றுப் பம்பும் காரின் பின்பெட்டியில் இருக்க வேண்டும். பக்கச்சுவர் கிழிந்தால் அதுவும் உதவாது, இழுவை வண்டிதான். நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். முன்னால் சாதாரணம், பின்னால் ரன்ஃபிளாட் என்று கலந்தால் வளைவில் காரின் போக்கே மாறிவிடும்.

பிராண்டில் நான் முதலில் பார்ப்பது ஈரப்பிடி. மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 5, காண்டினென்டல் மேக்ஸ்காண்டாக்ட் எம்சி7, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6 ஆகிய மூன்றில் எதைப் போட்டாலும் பழுதில்லை. சிப்பாங் பந்தயப் பாதைக்குப் போகிறவர்கள் விரும்பும் ட்ரெட்வேர் (தேய்மானத்தைத் தாங்கும் அளவைக் காட்டும் எண்) 200 ரகம் காய்ந்த சாலையில் ஒட்டிக்கொள்ளும். சீக்கிரம் தேயும், பள்ளக்கோடும் குறைவு. தினசரி வேலைக்குப் போகும் காருக்கு அது வேண்டாம். அந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்துப் போட்டுக்கொள்வதால், ஒரு பிராண்டின் 300-ஐ இன்னொன்றின் 340-உடன் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள்.

மாட்டும் முன் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள், அது தயாரிப்புத் தேதி. 1824 என்றால் 2024-இன் 18ஆவது வாரம். பிஎம்டபிள்யூ தன் கையேட்டில், தேயாவிட்டாலும் 6 ஆண்டில் டயரை மாற்றச் சொல்கிறது. கடையிலேயே 3 ஆண்டு கிடந்ததை வாங்கினால் அதில் பாதி ஆயுள் போய்விட்டது. மாட்டிய பிறகு காற்றழுத்த எச்சரிக்கையை மெனுவில் மறுபடி அமைக்க வேண்டும். புது ரப்பரின் மேல்தோல் வழுக்கும் என்பதால் முதல் 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும்.

தங்கள் பத்திரிகையில் விளம்பரம் செய்யும் டயர் கடைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அளவையும் ரிங்கிட்டையும் மட்டும் பெரிய எழுத்தில் போடுவதை விட்டு, சுமைக் குறி, வேகக் குறி, தயாரிப்பு வாரம், ரன்ஃபிளாட்டா இல்லையா என்ற நான்கையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடட்டும். அவை இல்லாத விலையை எந்த விலையோடும் ஒப்பிட முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்.