வாசகர் வட்டம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர், நூலகர், புரவலர்கள், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் கொண்டாடினோம். ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தன்று இந்திய நூலகத் துறையின் முன்னோடி எஸ்.ஆர். அரங்கநாதன் படத்துக்கு மாலை அணிவித்தோம். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழாவில் பேச்சு, கட்டுரைப் போட்டிகள் நடந்தன. மாதக் கூட்டங்களில் ஒன்று மட்டும் மழையால் தள்ளிப்போனது.

சரி, நான் விரிவாகப் பேச வேண்டியது சனிக்கிழமை மாலைகளில் நடந்த பதின்பருவ வாசிப்பைப் பற்றி, அதாவது பள்ளிப் பிள்ளைகளோடு அவர்கள் வயதினரைப் பற்றிய நாவல்களைச் சேர்ந்து வாசித்ததைப் பற்றி. இதைப் பற்றி வாட்ஸப் குழுவில் நிறையப் பேசிவிட்டீர்கள், நேரில் வந்து பார்த்தவர்கள் குறைவு. அதனால் என்ன நடந்தது என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை.

நம் நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது, பெரியவர்களுக்கான நாவல் அலமாரிகள் இருக்கின்றன, போட்டித் தேர்வுப் பகுதி இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை சிறுவர் பகுதியை விட்டு எழுந்தால் அடுத்து உட்காரக் கிடைப்பது போட்டித் தேர்வு மேசைதான். நடுவில் இருக்கும் ஐந்தாறு வருடங்கள், அதாவது உடம்பு மாறி, நட்பு உடைந்து, வீட்டில் மார்க்கைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போகிற அந்த வருடங்களைப் பற்றி அவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு கதை கூட இல்லை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று அரங்கநாதன் 1931லேயே விதியாக எழுதி வைத்தார். அவர் படத்துக்கு வருடா வருடம் மாலை போடுகிற நாம் பதினைந்து வயதுக்காரரையும் வாசகராகத்தானே எண்ண வேண்டும்?

முதலில் எடுத்தது எஸ்.இ. ஹின்டன் எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்'. 1967இல் அமெரிக்காவில் வந்த நாவல். ஹின்டன் இதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15, ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் பள்ளி மாணவி. இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆங்கிலம் சரளமாக வந்தவர்கள் வாசிக்க, தயங்கியவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் தமிழில் சொன்னார்கள். கதையில் ஒரே ஊரில் இரண்டு கூட்டம்: வசதியான வீட்டுப் பையன்கள் ஒரு பக்கம், எண்ணெய் வைத்து நீளமாக முடி வளர்த்த ஏழைப் பையன்கள் மறுபக்கம். முடியைப் பார்த்தே யார் எந்தக் கூட்டம் என்று தெரிந்துவிடும், அடிப்பதற்கு அது போதும். இந்த இடத்தில் ஒரு மாணவர் தன் மணிக்கட்டைக் காட்டி, எங்கள் பள்ளியில் கயிறு என்றார். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரைச் சக மாணவர்களே சாதி வெறியில் வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு கூடாது என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்ததை நாமெல்லாம் செய்தித்தாளில் படித்தோம். பிள்ளைகள் அதைச் செய்தித்தாள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தினமும் வகுப்பில் பார்க்கிறார்கள். அதே நாவலில் அப்பா அம்மா விபத்தில் இறந்த பிறகு தம்பிகளை வளர்க்கப் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற அண்ணன் வருகிறான், எப்போதும் சிடுசிடுப்பாக. அவனைப் பற்றிய பேச்சு இரண்டு வாரம் ஓடியது.

பிரச்சினை வந்தது லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' (1999) எடுத்தபோது. உயர்நிலைப் பள்ளியில் சேர இருக்கும் மெலிண்டா, ஒரு விருந்தில் பாலியல் வன்முறைக்கு ஆளாகி போலீஸுக்கு போன் செய்கிறாள். விருந்தைக் கெடுத்தவள் என்று பள்ளியே அவளை ஒதுக்குகிறது, ஏன் கூப்பிட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோகிறது. பெற்றோர் கவனிப்பது மார்க் இறங்குவதை மட்டும். இது நம் பிள்ளைகளுக்குத் தேவையா என்று உறுப்பினர்கள் சிலர் குழுவில் எழுதினீர்கள், ஒரு பெற்றோர் தன் மகளை நிறுத்திக்கொண்டார். இந்த எதிர்ப்பு புதிதல்ல, அமெரிக்காவிலேயே இந்த நாவலைப் பள்ளிகளிலிருந்து எடுக்கச் சொல்லிப் பல முறை கேட்டிருக்கிறார்கள். தமிழிலும் பாலியல் சீண்டலைப் பற்றிக் குழந்தைகளோடு நேராகப் பேசுகிற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலுக்கு 2020இல் சாகித்ய அகாதமியின் சிறார் இலக்கிய விருதான பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. சாகித்ய அகாதமி தயங்காத விஷயத்தில் நாம் ஏன் தயங்க வேண்டும்?

அந்த வாரங்களில் பிள்ளைகள் பேசியதை நான் இங்கே எழுத மாட்டேன், அது அவர்களுடையது. ஒன்று மட்டும் சொல்கிறேன். உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். மெலிண்டா ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டால் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார்கள். குழந்தைகளுக்கான 1098, மனநலத்துக்கான 14416 ஆகிய உதவி எண்களை நூலகச் சுவரில் பெரிதாக ஒட்டியது அதற்குப் பிறகுதான்.

எது வந்தாலும் கொடுத்துவிடவில்லை. தற்கொலை செய்துகொண்ட மாணவி விட்டுப்போன ஒலிநாடாக்களை வைத்து நகரும் பிரபலமான நாவல் ஒன்றைப் பிள்ளைகளே கேட்டார்கள், நான் மறுத்தேன். சாவைப் பிறருக்குப் பாடம் புகட்டும் வழியாகக் காட்டுகிற கதையை, பொதுத்தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளோடு வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. வேதனையை அழகாக்கிக் காட்டுகிற புத்தகங்களும் பதின்பருவ நாவல்களில் உண்டு, பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டியது அதற்காகத்தான்.

அப்புறம், வருகை. பெரியவர்களில் இருவர் துணைக்கு இருக்க வேண்டும் என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டோம், பெயரும் கொடுத்தீர்கள். பெரும்பாலான சனிக்கிழமைகளில் நானும் நூலகரும் மட்டுமே இருந்தோம். கல்யாணம், வெளியூர் என்று காரணங்கள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் புத்தகத் தேர்வு தவறு என்று சொல்கிறவர் ஒரு சனிக்கிழமையாவது வந்து உட்கார்ந்து கேட்டிருந்தால் அந்தக் கருத்துக்கு நான் இன்னும் மதிப்புக் கொடுத்திருப்பேன்.

வரவு செலவைப் பொருளாளர் விவரமாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, கடன் இல்லை. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்னும் கட்டவில்லை, சிலர் இரண்டு வருடமாக. பெயர்ப் பட்டியல் கைவசம் இருக்கிறது, வாசிக்க விரும்பவில்லை. வாசிப்புக்கான புத்தகங்களில் சில ஓர் உறுப்பினரின் மகள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவை, மற்றவை பழைய புத்தகக் கடையில் வாங்கியவை. ஒரே பிரதியை ஒரு கூட்டமே சுற்றி உட்கார்ந்து படித்தது.

இடம் கொடுத்து விளக்கணைக்கும் வரை காத்திருந்த நூலகருக்கும், தேநீர் செலவை ஏற்ற புரவலருக்கும், தலைவருக்கும், துணைத்தலைவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' எடுக்க ஆசை. சுட்டுக் கொல்லப்பட்ட அண்ணனுக்காகப் பழிவாங்கத் துப்பாக்கியோடு லிஃப்டில் இறங்கும் 15 வயதுப் பையனின் கதை, லிஃப்ட் கீழே வந்து சேரும் 60 விநாடிதான் மொத்த நாவலும், அதுவும் கவிதையில். பழிக்குப் பழி என்று வளர்கிற பிள்ளைகள் எங்கேயும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள். இதற்குக் குறைந்தது ஐந்து பிரதிகளும், மாதம் ஒரு சனிக்கிழமை வரக்கூடிய நான்கு பெரியவர்களும் வேண்டும், அதில் இருவராவது பெண்களாக இருந்தால் மாணவிகளுக்கு நல்லது. இவை கிடைத்தால் செயலாளர் பொறுப்பில் தொடர எனக்குச் சம்மதம். கிடைக்காவிட்டால் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, நான் சனிக்கிழமைகளில் மட்டும் வந்துகொண்டிருப்பேன். புதிய நிர்வாகிகள் தேர்வு இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக இருக்கிறது. ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்